கடைமடை

பத்தொன்பது ஆண்டு, நான்கு நதி,
கையெழுத்தானது ஒரே ஒப்பந்தம்.
அதிலும் ‘நியாயமான அளவு’
என்ற இரண்டு சொல்லுக்கு
மூன்று மழைக்காலம் போயிற்று.

இன்றும் ஜெனீவாவில் அதே நீள்மேசை.
‘முதலில் கூட்டாக அளப்போம்’ என்றது
மேல்மடை நாடு, ஆறாவது தடவையாக.
கடைமடை நாட்டுக்காரர்
முன்னிருந்த தண்ணீரைத் தொடவே இல்லை.
நான் குறிப்பெடுத்தேன்.

இரவு பதினொன்றுக்குக் கதவு தட்டல்.
கீழ்வீட்டு மதாம் ஷப்புயி,
ஈரத் தலையணையோடு.

என் சலவை இயந்திரம்
அவர் கட்டில்மேல் ஒழுகுகிறதாம்,
மாலையிலிருந்து.

‘எவ்வளவு என்று முதலில்
இருவருமாக
அளந்து பார்ப்போமே’ என்றேன்.

வாய்ப்பழக்கம்.

ஒன்றும் பேசாமல்
தலையணையை
என் உள்ளங்கையில் பிழிந்தார்.