பதினேழு சிவப்பு

ஒரு நொடி எரியும்.
அரை நொடி அணையும்.
மறுபடி ஒரு நொடி எரியும்.
பிறகு ஒன்றரை நொடி இருட்டு.
கெஸ்கேவுக்கு இது மனப்பாடம்,
பிள்ளைகளின் பிறந்தநாள் போல.

ஜெர்மனியின் வடகடலோரம்.
கடலணைக்கு உள்ளே மேசைப்பலகை போல் மட்டமான மண்.
மறைக்க ஒரு மேடு இல்லை, மரம் இல்லை.
பதினேழு காற்றாலைகளும் ஒன்றாக விழித்து
ஒன்றாக இமைக்கும்.
அறுவடைக்கு நிற்கும் வெள்ளை முட்டைக்கோஸ்
ஏக்கர் ஏக்கராகச் சிவந்து வெளுக்கும்.
மூடுபனி என்றால் இன்னும் மோசம்:
வானமே வீங்கிய ஈறு.

ஹின்னெர்க் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான்.
சுவரிலும் அதுதான் இருக்கும்.
அவன் குறட்டை அந்தத் தாளத்துக்குப் பழகிவிட்டது.
அவள் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள்.
தடித்த திரை வாங்கினாள்; ஓரத்தில் கசிந்தது.
ஓரத்தில் பட்டை ஒட்டினாள்.
கண்ணை மூடினால் இமையின் உட்புறம் எரிந்தது.

இமைக்கும் பொழுதைத் தமிழில் மாத்திரை என்கிறோம்.
நகரத்து மருத்துவர் அவளுக்கு எழுதித் தந்ததும் மாத்திரைதான்.
இரண்டாலும் தூக்கம் வரவில்லை.

நிலம் மோமே தாம்சனுடையது.
குத்தகைப் பணம் அவன் பைக்கு,
வெளிச்சம் இவள் படுக்கைக்கு.
தீயணைப்பு நிலையத்துக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.
"விமானம் வந்து மோதலாமா?" என்றான் அவன்,
காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே.
பச்சை அட்டை நோட்டைப் பிரித்து அவள் வாசித்தாள்:
நாற்பத்தொரு இரவு. தாழப் பறந்தவை இரண்டு.
அதில் ஒன்று வாத்துக்கூட்டமாகவும் இருக்கலாம்.
எல்லோரும் சிரித்தார்கள். மோமேயும்தான்.
அவன் சிரித்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.
அதன்பின் ஏழு ஆண்டு
ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்டால்
தலையசைப்பு மட்டும், அதுவும் பாதி.

பிறகு ரேடார் பொருத்தினார்கள்.
ஏதாவது பறந்து வந்தால் மட்டும் எரியும் என்று
முத்திரை குத்தின கடிதம் வந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை,
அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது
ஜன்னல் அணைந்தது.

அன்றும் தூங்கவில்லை.
வராத சிவப்புக்காக
உடம்பு தானாக எண்ணிக்கொண்டே கிடந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள்.
இறக்கைகள் சுற்றும் ஓசை அப்போதுதான் காதில் விழுந்தது,
யாரோ ஈரப் போர்வையை உதறுவது போல,
உதறிக்கொண்டே இருப்பது போல.
மேலே பார்த்தாள். இவ்வளவா?
கழுத்து வலிக்கும்வரை நின்றாள்.
சனிக்கிழமை அந்தத் திரையைக் கழற்றி
கொட்டகையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் போர்த்தினாள்.

பிப்ரவரி. மூன்று மணி பத்து நிமிடம்.
ஓசைக்கு முன்னால் சிவப்பு வந்தது.
பழைய கடன்காரன் கதவைத் தட்டினாற்போல்
உடம்பு அடையாளம் கண்டு எழுந்து உட்கார்ந்தது.
வசவு நாக்கு நுனிக்கு வந்த நேரம்
ஹெலிகாப்டர் கூரையை உரசிக்கொண்டு போனது.
தாழ்ந்தது.
மோமேயின் களத்தில் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் பதினேழும் அணைந்தன.
எதுவும் பறக்கவில்லை என்று ரேடார் சொல்லியிருக்கும்.
அது சரிதான்.
கண்ணாடியில் நெற்றியை அழுத்தி நின்றாள்.
அங்கே சமையலறை விளக்கு, குறுக்கே போகும் ஒரு நிழல்,
திறந்தே கிடக்கும் வாசற்கதவு.
இந்தக் குளிரில் கதவை யாரும் திறந்துவைக்க மாட்டார்கள்.

ஐந்து நிமிடம். பதினொன்று.
பாழாய்ப்போன விளக்கே, எரி.
பதினெட்டு.
எரியேன்.
வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது,
பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

ஒரு நொடி எரிந்தது.
அரை நொடி.
மறுபடி ஒரு நொடி.
முட்டைக்கோஸ் அறுத்த வயல் அடித்தண்டுகளோடு சிவந்தது,
அவள் கைகள் சிவந்தன,
ஓசை தெற்கே, மருத்துவமனைப் பக்கம், தேய்ந்துகொண்டே போனது.

"திரையைப் போடேன்" என்றான் ஹின்னெர்க்
தலையணைக்குள்ளிருந்து.

திரை உருளைக்கிழங்கின்மேல் கிடந்தது.