பிடித்தம்

மாதம் இருபதாம் தேதிக்குள் பட்டியல் போட்டாக வேண்டும்.
அம்பாசமுத்திரம் நீர்வளத் துறை அலுவலகத்தில்
நாற்பத்தொரு பேருடைய பிடித்தங்கள் எனக்கு அத்துபடி.
யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன்,
யார் யாருக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டார்,
எல்லாம் வலது பக்கக் கட்டங்களில் வந்துவிடும்.
வாய்விட்டு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

தை மாதம் ஆவுடைநாயகம் வந்து நின்றார்,
நதியுண்ணிக் கால்வாயின் மதகுக்காரர்.
கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.
களஞ்சியம் செயலியில் வந்த சம்பளச் சீட்டை நீட்டி,
"ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க ஜெபக்கனி மேடம்.
மைதீன் பிச்சைக்கும் எனக்கும் ஒரே கிரேடுன்னு சொல்லுதீய.
அவருக்கு வட்டிக் கடனே இல்ல. எனக்கு எப்படி?"

வாசித்தேன்.
அடிப்படை ஊதியம் இருபத்தெட்டாயிரத்து நானூறு.
அகவிலைப்படி பதினைந்தாயிரத்து ஐம்பத்திரண்டு.
வாடகைக்கும் மருந்துக்கும் கொஞ்சம் சில்லறை.
ஆக நாற்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு.
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்,
பாவநாசத்தில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று
போனில் கேட்கிறவர் மாதிரி.

"சரி. இனி மடையைச் சொல்லுங்க."

குடும்பப் பாதுகாப்பு நிதி நூற்றுப்பத்து.
மருத்துவக் காப்பீடு முந்நூறு.
தீபாவளி முன்பணத்தில் ஆயிரம்.
கூட்டுறவு நாணயச் சங்கம் ஒன்பதாயிரத்து எண்ணூறு.
அது மகளின் நர்சிங் படிப்பு. எனக்குத் தெரியும்.
பங்களிப்பு ஓய்வூதியம் நாலாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து.
கையில் வருவது இருபத்தொன்பதாயிரத்துத் தொண்ணூற்றேழு.

"அந்த நாலாயிரம், அது எந்தக் குளத்துல போய்க் கெடக்கு?"
"கணக்குல கெடக்கு அண்ணாச்சி."
"பிள்ளை படிப்புக்கு அதுல ஒரு வாளி கேட்டேன், கிடையாதுன்னுட்டாவ.
மைதீன் பிச்சை அவரு வைப்பு நிதியில எடுத்துத்தான்
மக கல்யாணத்தையே முடிச்சாரு."
எந்தக் குளமென்று எனக்கும் தெரியாது.
பதினாலு வருசமாய் என்னுடையதும் அங்கேதான் போகிறது.

பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன், இருவருடையதையும்.
நியமன ஆணை ஒரே தேதி, ஒரே தபால்,
இரண்டாயிரத்து மூன்று மார்ச், ஒரு சனிக்கிழமை.
திங்கட்கிழமை, முப்பத்தொன்று, முற்பகல்:
மைதீன் பிச்சை பணியில் சேர்ந்தார்.
செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் ஒன்று, முற்பகல்:
ஆவுடைநாயகம்.

"நெறஞ்ச அமாவாசையாச்சேன்னு ஒரு நாள் பொறுத்தேன்"
என்றார், திருடியவன் ஒப்புக்கொள்கிற குரலில்.
ஏப்ரல் ஒன்று முதல் சேர்ந்தவர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை
என்ற ஆணை வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில்.
ஏப்ரல் மாதத்து அமாவாசைக்கு
ஆகஸ்டில் எழுதப்போவது எப்படித் தெரியும்?
நான் அதைச் சொன்னேன்.
அவர் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தபடி நின்றார்.
பிறகு மதகுக்கு நேரமாச்சென்று போய்விட்டார்.

மாசி கடைசியில் மறுபடி வந்தார்,
முறுக்குப் பொட்டலத்தோடு, வாயெல்லாம் பல்.
மகளுக்கு நர்சு வேலை, வள்ளியூர் பக்கம்.
ஆர்டர் வந்தது அஷ்டமி, ராகுகாலம்.
"போட்டிருந்த துணியோட பஸ் ஏத்திவிட்டேம்லா!
பொழுதடையுறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டா."
முதல் மாதச் சீட்டைக் காட்டினார்.
ஒரே ஒரு வரி:
தொகுப்பூதியம், பதினெட்டாயிரம்.
வலது பக்கக் கட்டங்கள் அத்தனையிலும் கோடு.

"பாருங்க மேடம், பைசா பிடித்தம் இல்ல.
முழுசும் அப்படியே கைக்கு வருது."

முறுக்கில் எள்ளு நிறையப் போட்டிருந்தார்கள்.
இன்னொன்று எடுத்துக்கொண்டேன்,
வாயில் ஏதாவது இருக்கட்டும் என்று.