சுமையின் பெயர்

இன்றிரவு எட்டிலிருந்து பத்தரை வரை
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பகுதி இருட்டு.
ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை,
போன மாத அட்டவணைமேல் ஒட்டியது.

நான் நிலாவுக்கு மின்சாரம் கொடுக்கிறவள்.
சிரிக்காதீர்கள், சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது:
மொகாம்பரி நாயக்கர், மின்சேமிப்பு, நிலாத் தளம்.
நான்கு பேர் தங்கப்போகும் ஒரு கூடு.
அங்கே பொழுது சாய்ந்தால்
முந்நூற்றைம்பத்து நான்கு மணி நேரம் விடியாது.
குளிரில் மின்கலம் செத்துப்போகும்.
அதைச் சூடாக வைத்திருக்கவும் அந்த மின்கலமே வேண்டும்.
உலை வைத்தால்
அடுப்பே பாதிச் சோற்றைத் தின்றுவிடுகிற வீடு.

நம்பகம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது
என்று கேட்டிருந்தார்கள்.
கடைசி ஒன்பதைத் தேடிக்கொண்டிருந்தேன்,
எட்டு மணி ஆகிவிட்டது.

தெரு மொத்தமும் ஒரே நொடியில் போனது.
நாய்கள்கூட ஒரு கணம் யோசித்தன.
பிறகு சுவருக்கு அந்தப் பக்கம்
கோகிலாவின் பிராணவாயு இயந்திரம்
கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது.
பெயின்ட் ஆலையில் போன நுரையீரல்.
வயது நாற்பத்தாறு.

என் சாப்பாட்டு மேசைக்கு அடியில்
சோதனை மின்கலம், எண் ஏழு.
நான்கு வாரம் உறைபெட்டியில்
நிலாக் குளிரைத் தாங்கி வந்தது.
வேறெதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இரண்டு இடத்தில்.

ஜன்னல் வழியே வயரை விட்டேன்.
கண்ணாடிச் சில்லு பதித்த சுவர்மேல்
பழைய கால்மிதி ஒன்றைப் போட்டு
பூபாலன் கையை நீட்டினான்.
"எவ்வளவு நேரம் வரும், மொகா?"
பதினான்கு நாள் கணக்குத் தெரிந்தவளுக்கு
அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பத்தரைக்கு மின்சாரம் வரவில்லை.
துணை நிலையத்தில் யாரோ கேபிளை அறுத்துவிட்டார்களாம்.
நிலாவில் தாமிரம் திருட ஆள் இல்லை,
என் கணக்கில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

அறுபத்தொன்று சதவிகிதம்.
முப்பத்தெட்டு.
நிலா சுவரைத் தாண்டி, கூரை ஏறி,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனது.
அதை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை,
பார்த்தது அந்த எண்ணை மட்டும்.
பத்தொன்பது.

ஐந்து மணி பத்து நிமிடம், நான்கு சதவிகிதம்.
ஹதீதா ஒன்று அலறிக்கொண்டு பறந்தது,
எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ உயிர்த்தது,
ஃப்ரிட்ஜ் உடம்பைக் குலுக்கிக்கொண்டது.

பதிவேட்டைத் திறந்தேன்.
ஒன்பது மணி நேரம். முந்நூறு வாட்.
தடங்கல்: இல்லை.
சுமையின் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது,
வெப்பமூட்டி, பம்பு என்றெல்லாம் எழுதுவோம்.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
கோகிலா என்று எழுதினேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் கூப்பிடட்டும்.
கெட்டிலைப் போட்டேன்.