வலப்பக்கம்

உடம்பு சாம்பல். கன்னத்தில் மட்டும்
அப்போதுதான் இடித்தெடுத்த சம்பலின் சிவப்பு.
சம்பல் என்றே பெயர் வைத்தோம்.
டண்டினோங் சந்தையில் கூட்டோடு எண்பது டொலர்.
"பெரிதாகப் பேசாது, விசிலடிக்கும்" என்றான் விற்றவன்.
இந்த மண்ணின் பறவை.
எங்களைப் போல வந்து சேர்ந்ததல்ல.

என் இடத்தோள் அதன் சொந்தக் காணி.
வெங்காயம் வெட்டும்போதும்
வரிப் படிவம் நிரப்பும்போதும்
அங்கே நின்று தோட்டைப் பிடித்து இழுக்கும்,
காதுக்குள் எதையோ முறைப்பாடு செய்யும்,
நைட்டியில் எச்சமிடும்.

போன ஓகஸ்டில்
பஸ் தரிப்பில் நின்றபோது
ஒரு சின்னக் காற்று இடக்கன்னத்தைத் தொட்டது.
தொட்டது என்பது சரியான சொல்லில்லை.
கரண்ட் ஓடும் கம்பியைக்
கடைவாய்ப் பல்லடியில் செருகி எடுத்தது.
இருபது விநாடி. பிறகு ஒன்றுமேயில்லை.
பஸ் வந்தது. கார்டைத் தட்டினேன். ஏறினேன்.

டொக்டர் கேட்டார்,
ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று.
ஆறு என்றேன்.
பத்தைச் சொல்ல வெட்கமாயிருந்தது.
பத்துக்கு மேலே இலக்கமும் இருக்கவில்லை.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.
தவேந்திரனுக்கு இரவு வேலை,
முதுகுக்கு ஏற்கெனவே ஒரு பெல்ட்.
மகளுக்குப் பரீட்சை.
வலி வந்தால் குளியலறைக்குள் போவேன்,
குழாயைத் திறந்துவிடுவேன்,
சுவரைப் பிடித்துக்கொண்டு
பல்லிடுக்கால் மூச்சை இழுப்பேன்:
ஸ்ஸ்ஸ்.

சம்பல்தான் முதலில் இடம் மாறியது.
ஒரு காலை, கூடு திறந்ததும்
பறந்து வந்து என் வலத்தோளில் இறங்கியது.
தோட்டைத் தொடவில்லை.
கொண்டையைத் தலையோடு ஒட்ட மடித்து
இமைக்காமல் இருந்தது.
பத்து நிமிடம் கழித்தே
அன்றைய முதல் வெட்டு விழுந்தது.

எப்படித் தெரியும் அதற்கு?
நடையில் ஏதேனும் மாறியதா, வியர்வையில் ஏதேனுமா,
நான் அறியாமல் மெல்லுவதை நிறுத்தினேனா?
பாசம் என்று சொல்ல ஆசைதான்.
பருந்து வருகிறதா என்று பார்க்கும்
பழைய பயமாகவும் இருக்கலாம்.
எதுவானாலும்
அது இலக்கம் கேட்கவில்லை.

ஞாயிறு. பிட்டு அவிந்துகொண்டிருக்கிறது.
கூட்டிலிருந்து குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.
அது முடிய, ஸ்ஸ்ஸ்.
மறுபடி தண்ணீர். மறுபடி ஸ்ஸ்ஸ்.
"அம்மா, இவன் பாத்ரூமாகிவிட்டான்" என்று மகள் சிரித்தாள்.
தவேந்திரன் சிரிக்கவில்லை.
"இதை எங்கே பழகினது?"
"பிரஷர் குக்கரிடம்" என்றேன்.
அவர் அடுப்பைப் பார்த்தார்.
எங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் இல்லை.

அடுப்பை அணைத்தார்.
என் முகத்தை நோக்கி வந்த கையை
அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டார்.
"எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.
காட்டிக்கொடுத்த குற்றவுணர்வு எதுவுமில்லாமல்
சம்பல் தினை கொறித்தது.

இப்போது வெள்ளை மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று.
சில சொற்கள் வாய்வரை வந்து மறந்துபோகின்றன.
போகட்டும்.
வலி எட்டிப்பார்த்து மூன்று மாதம்.

நேற்றிரவு இரண்டு மணிக்கு
ஹோலில் தண்ணீர் ஓடியது.
பிறகு, ஸ்ஸ்ஸ்.
எழுந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
எனக்கு ஒன்றுமில்லை.
அப்படியானால் அது இப்போது யாருடையது?

விளக்கைப் போடாமல் போனேன்.
கூட்டின் மேல் போர்த்த துணியைச் சற்று விலக்கினேன்.
இருட்டில் ஒரு கண்.
எந்தப் பக்கம் நோகிறதென்று
அதனிடம் கேட்க எனக்குப் பாஷை இல்லை.
அது எனக்குச் செய்ததைச் செய்தேன்:
வலப்பக்கமாகப் போய்
உட்கார்ந்தேன்.