ஏழாம் அறையில் ஒழுகல்

மொழிபெயர்ப்பாளருக்குக் கோபம் வரக்கூடாது.
ஒப்பந்தத்தில் அப்படி எழுதியில்லை,
ஆனாலும் தெரியும்.

மேசைக்கு இந்தப் பக்கம் சாத்தையா.
அந்தப் பக்கம் குவெக்,
ஊபியில் ஏர்கான் சர்வீஸ் கம்பெனி.
நடுவே சமரசம் பேச நூராய்னி.
ஓரத்தில் நான், இரவல் வாய்.

"இங்கே பேசுவது இந்த அறையோடு.
ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றம் போகலாம்.
ஆனால் இங்கே சொன்னதை
அங்கே எடுத்துக்காட்ட முடியாது"
என்றார் நூராய்னி. தமிழில் சொன்னேன்.
"அப்ப இங்க பேசுறதெல்லாம் சும்மாவாக்கா?"
என்று கேட்டார் சாத்தையா.
இதை ஆங்கிலத்தில் என்னவென்று சொல்ல?
"புரிந்ததாம்" என்றேன்.
அன்றைக்கு அந்த அறையில்
முதல் பொய் என்னுடையது.

மளிகைக்கடை இனாமாய்க் கொடுத்த
நாட்காட்டித் தாள்களை அடுக்கினார்.
ராகு காலத்துக்குப் பக்கத்தில்
நீல மையில் அவருடைய காலம்:
காலை எட்டு, இரவு பத்தரை.
பதினோரு மாத ஓவர்டைம்,
இரண்டாயிரத்து நூற்று எண்பது வெள்ளி.

குவெக் தாள்களைப் பார்க்கவில்லை.
"அவன் அப்பா இறந்தபோது
விமான டிக்கெட் யார் போட்டது? கேளுங்கள்."
கேட்டேன்.
சாத்தையா கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே
"அதக் கணக்குல கழிச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.
சொன்னேன்.
கழி என்பதற்கு அந்த மொழியில்
நல்ல சொல் இருக்கிறது. சுத்தமான சொல்.
குவெக்கின் காது சிவந்தது.
"நான் கணக்கா கேட்டேன்?"

அதற்குமேல் யாரும் பேசவில்லை.
நூராய்னி பேனாவை மூடினார்.
வழக்குதான் இனி என்று
நானும் பையை மடிக்கு இழுத்தேன்.

அப்போதுதான் சொட்டியது,
செப்டம்பர் பதினான்கின் மேல்,
மேலேயிருந்து ஒரு துளி.
பிறகு இன்னொன்று.

இரண்டு தலைகளும் ஒன்றாய் நிமிர்ந்தன.
"பாஸ், பைப் சோக்."
"யா லா. த்ரீ மன்த் நோ வாஷ்."
"ட்ரேயும் கிராக், பாஸ். லுக் சைடு."
ஆறு வருடம் ஏணியின் மேலும் கீழுமாக
இருவரும் கட்டிய மொழி அது.
அதில் எனக்கு வேலையில்லை.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் நூராய்னி.
"வடிகுழாய் அடைத்திருக்கிறதாம்."
"இதில் இருவருக்கும் உடன்பாடா?"
சிரிக்காமல்தான் கேட்டார்.
"முழு உடன்பாடு" என்றேன்.
அவர் பேனாவை மறுபடி திறந்தார்.

ஆயிரத்து எழுநூற்று ஐம்பது.
இரண்டு தவணை, ஏழாம் தேதிக்குள்.
வேறு கம்பெனிக்குப் போகத் தடையில்லை
என்று ஒரு கடிதம்.
மீதி நானூற்று முப்பதை
சாத்தையா எந்த மனதோடு விட்டார் என்று
எனக்குத் தெரியாது. கேட்பது என் வேலையல்ல.

கையெழுத்துப் போடும்முன் சொன்னார்:
"நான் பொய் சொல்லலன்னு
இதுல ஒரு வரி போடச் சொல்லுங்க."
நூராய்னி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அதற்கு அதில் கட்டம் இல்லை.

நான் சொல்லி முடித்ததும்
குவெக் நனைந்த தாளை எடுத்தார்.
சட்டைக் கையில் ஒற்றினார்.
எட்டு, பத்தரை,
மை கலையாமல் ஒற்றி
அடுக்கில் அதன் இடத்தில் வைத்தார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

இரண்டரைக்கு அடுத்த வழக்கு.
தேநீர் குடித்துத் திரும்பினால்
மேசை நடுவே
சிவப்பு வாளி ஒன்று.