மனைவி புலம்பல்

நாற்பத்தொரு பேருக்கு
நான் மனைவியாய்ப் புலம்பியிருக்கிறேன்.
விருத்தம் ஒன்றுக்கு முந்நூறு ரூபாய்.
மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் தனி.
பேரர் தொகை கூடினால் கொஞ்சம் தள்ளுபடி.
முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு
கையில் கிடைத்தால் சரி அவர்களுக்கு.
செத்தவர் ஆரென்று சிலவேளை
வம்சாவழிப் படத்தில்தான் தேடிப் பிடிப்பேன்.

மற்ற நாட்களில்
யானை தின்ற வாழைக்கு நட்டஈடு கேட்டு
பிரதேச செயலாளருக்கு மனு.
சில்லறைக்கடைத் திறப்புவிழாவுக்கு வாழ்த்துப்பா.
சம்பூரில் நடந்த எதையாவது
ஐம்பது சொல்லுக்குள் பேப்பருக்கு.
அச்சில் அது
‘மூதூர் நிருபர்’ ஆகிவிடும்.
ஒரேயொருமுறை பெயர் போட்டார்கள்,
கதிர்காமத்தம்பியில் ஓர் எழுத்தை விழுங்கி.
காசோலையும் அந்தப் பிழையின் பெயருக்கே வந்தது.
வங்கியில் மூன்றுதரம் திருப்பினார்கள்,
நான் நானில்லை என்று.

என் கவிதைகளா?
மனுப் பிரதிகளின் பின்பக்கத்தில் கிடக்கின்றன.
கிளிவெட்டி முகாமில் இருந்தபோது
எங்கள் காணியை எங்களிடம் தரும்படி
நூற்றுப்பதினாறு மனு எழுதினேன்.
பின்பக்கங்களில் மழையை எழுதினேன்.
ஒருநாள் கூடாரம் பிரிந்து
மழையே வந்து
இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டுப் போனது.
மிஞ்சிய தாள்கள்
உரப்பை ஒன்றில், அலுமாரிக்கு மேல்.

சித்திரை வெயிலில் பரிபூரணம் வந்தாள்.
வருகிற திங்கள் கோணாமலையின் முப்பத்தொன்று.
நான்கு விருத்தம் முதல்நாளே ஆயத்தம்.
கண்ணாடி கொண்டுவரவில்லை,
வாசியுங்கோ என்றாள்.
தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்:

*பூவோடு பொட்டிழந்தேன் புலர்பொழுதும் இருளானேன்*
*நாவோடு சொல்லிழந்தேன் நாயகனே போனதெங்கே*

சிரித்தாள்.
வாயைப் பொத்திச் சிரிக்கிற சிரிப்பில்லை.
சைக்கிள் நிழலில் படுத்திருந்த நாய்
எழும்பி அப்பால் போனது.

‘தம்பி, இந்த மனுசி ஆர்?’

எனக்கும் தெரியவில்லை.
நாற்பத்தொரு கல்வெட்டிலும்
அவள் ஒருத்திதான் அழுதிருக்கிறாள்,
பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு.
ஒருவரும் இதுவரை
அவளை ஆரென்று கேட்டதில்லை.

‘காசு தந்த நாளை எண்ணிச் சொல்லலாம்.
கை நீட்டின நாளை எண்ண ஏலாது.
அதை எழுத வேணாம்,
சபையில வாசிக்கிறது.
பொய்யும் வேணாம்.
ஆனா வலை பொத்துறதில
அந்த மனுசனைப்போல ஒருத்தரில்லை.
லாம்பு அணைஞ்சாலும்
விரலாலயே ஓட்டையைத் தேடுவார்.
அதைப் போடுங்கோ.’

மனுத் தாள் ஒன்றைத் திருப்பினேன்.
எதுகையைத் தேடி ஓடவில்லை.
ஓடினாலும் அகப்பட்டிராது.

*இருட்டில்*
*விரலாலேயே ஓட்டையைத் தேடி*
*வலை பொத்துவார் கோணாமலை.*
*வயது அறுபத்தெட்டு.*

இரண்டுதரம் வாசிக்கச் சொன்னாள்.
குடாவுக்கு அப்பால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு
‘காணும்’ என்றாள்.
பிறகு மடிப்பையை அவிழ்த்து
நாலு வரிதானே என்று
இருநூறு தந்தாள்.
நான் பேரம் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை நாலு பாலம் தாண்டி
திருகோணமலை அச்சகத்துக்குக் கொண்டுபோனேன்.
‘அரைப்பக்கம் வெறுமையாக் கிடக்கே அண்ணை,
பூக்கொத்துப் படம் ஒண்டு போடவா?’
வேண்டாம், அப்படியே விடு என்றேன்.
குத்துவிளக்குப் போட்டுவிட்டார்கள்.

நாளைக்குத் தோப்பூரிலிருந்து இஸ்ஸதீன் வருகிறார்,
மகளின் கல்யாண வாழ்த்துமடலுக்கு.
மாப்பிள்ளையின் கைக்கு
என்ன வரும் என்று கேட்கலாமென்றிருக்கிறேன்.
வழமையானதை எழுதுங்க என்று அவர் சொன்னால்
வழமையானதையே எழுதுவேன்.
அரிசி முடிந்து இரண்டு நாள்.