கேள்வி கோரல்

எங்கள் பிரதேச சபையில்
வேலையை விலை பேசுவதற்குப் பெயர் கேள்வி.
கேள்வி கோரல், கேள்விப்பெட்டி, கேள்வி திறத்தல்.
கேட்க விரும்புபவர் பதிவு செய்திருக்க வேண்டும்,
மீளளிக்கப்படாத ஐயாயிரம் கட்டியிருக்க வேண்டும்.
பெட்டிக்கு இரண்டு பூட்டு.
ஒரு திறப்பு செயலாளரிடம். மற்றது என்னிடம்,
வீட்டுத் திறப்போடும் ஸ்கூட்டித் திறப்போடும்
ஒரே வளையத்தில் கிலுங்கும்.

மருதமுறிப்பு ஆறாம் வீதிக்கு ஒரு மதகு.
ரி.ஓ. கஜரூபன் ஆடியில் போய் அளந்தார்.
ஆடியில் வன்னி எங்கும் மேடுதான்,
எங்கே வைத்தாலும் மதகு பொருந்தும்.
நாடாவின் மறுமுனை பிடிக்க ஆளில்லாமல்
ஒரு கல்லைத் தூக்கி வைத்தாராம்.
அகழ்தல், கனமீற்றரில்.
கம்பி, கிலோவில்.
பெயர் பொறித்த கல், ஒன்று.
தண்ணீருக்கு அந்தப் பட்டியலில் நிரல் இல்லை.

புரட்டாதி, இரண்டாம் செவ்வாய், பிற்பகல் இரண்டு மணி.
கரண்ட் இல்லை. மேசையை யன்னலோரம் இழுத்தோம்.
மூன்று ஒப்பந்தக்காரர் பிளாஸ்டிக் கதிரைகளில்,
நான்காமவர் மச்சானை அனுப்பியிருந்தார்.
நான்கு விலைகளுக்கும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகளின் முகச்சாயல்.

ஐந்தாவது உறை
சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது.
உள்ளே கொப்பித் தாள்.

"ஐயாமாருக்கு,
நீங்கள் மதகு கட்டப்போற இடத்தால தண்ணி வாறேல்ல.
குளம் வான் பாஞ்சால்
மரியநாயகத்தின்ர வேலிக்கும் உடைஞ்ச கிணத்துக்கும்
நடுவாலதான் வரும்.
கிழக்கால இருநூற்றிப் பத்துக் கவடு. நடந்து எண்ணினது.
கேள்வி அனுப்பலாம் எண்டு நோட்டீஸில போட்டிருந்தது.
அதான் கேக்கிறம்.
தர்மபூபதி, செயலாளர், மாதர் சங்கம்."

கீழே பென்சிலால் குளம். அதிலிருந்து ஒரு வளைவு.
வளைவுக்குப் பக்கத்தில் யாரோ பிள்ளை கீறிய மாடு.

பெறுகைக் குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
செயலாளர் இரண்டு தரம் வாசித்தார்.
கஜரூபன் முகத்தைத் தடவிக்கொண்டு
"உண்மையாயிருக்கும்" என்றார்.
இடம் மாறினால் புது மதிப்பீடு.
புது மதிப்பீட்டுக்கு மாகாணத்தின் அனுமதி.
அது வந்து சேருமுன் மார்கழி முப்பத்தொன்று வந்துவிடும்,
காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும்.
திரும்பிப் போன காசு
மறு வருடம் மருதமுறிப்புக்கு வழி கேட்டு வந்ததாக
எங்கள் கோப்புகளில் பதிவில்லை.

நான் எழுதினேன்:
இல. 5. விலை குறிப்பிடப்படவில்லை.
பிணைமுறி இல்லை. நிராகரிக்கப்பட்டது.
என் கையெழுத்து அச்சுப்போல என்று
கந்தோரில் எல்லோரும் சொல்வார்கள்.

கார்த்திகை இருபத்தெட்டு, வான் பாய்ந்தது.

புது மதகு நின்றது, சீமெந்து மணம் மாறாமல்.
அதன் வாய்க்குள் இரண்டு மறியாடுகள்
கால் நனையாமல் மழைக்கு ஒதுங்கியிருந்தன.
தண்ணீர், வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவால்.
பள்ளிக்கூடப் பிள்ளைகளை உழவுமெசின் பெட்டியில்
ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
முழங்காலளவில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெண்.
யாரென்று நான் கேட்கவில்லை.
இறுதிப் பட்டியலுக்குப் படம் எடுக்கப் போனவள்
மதகை மட்டும் எடுத்தேன், மூன்று கோணத்தில்.
"தங்கச்சி, பாத்து, சறுக்கும்" என்றா.
வேறொன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் கணக்காய்வு வந்தது.
மதகு இருக்கிறதா, இருக்கிறது.
நீளம் சரி, அகலம் சரி, பெயர்க்கல் சரி.
ஐயவினா எட்டு மட்டும்:
ஐந்து உறைகள் கிடைத்திருக்க
நான்கு மாத்திரம் மதிப்பிடப்பட்டது ஏன்?

கோப்பை விரித்துக் கொடுத்தேன்.
புதிதாய் வேலைக்கு வந்த பையன்,
விரல் பென்சில் வளைவில் ஊர்ந்து
மாட்டில் வந்து நின்றது.
"இது என்ன அளவுத்திட்டம், மிஸ்?"

முழங்காலளவு, என்றேன்.

அதை எழுதுவதா விடுவதா என்று
பேனையை மூடாமல் இருந்தான்.